ஒற்றைத் துடுப்பு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஆபீசில் பட்டப்பெயர் பட்டாசு. எதற்கு வெடிப்பார் என்று யாருக்கும் தெரியாது. வெடிப்பார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் தன்னோடு சேர்ந்து ஆடச் சொல்லி ஒரு கம்ப்யூட்டர் கேமை அவர் தலையில் கட்டியபோதும் வெடித்தார்.

தீவு தீவாகப் போய்ப் புதையல் தேட வேண்டும். போக ஒரே வழி படகு. அந்தப் படகு இருக்கிறதே, அதைப் போல ஒரு வம்பு உலகத்தில் கிடையாது. ஆளுக்கொரு துடுப்பு, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் இழுக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் வட்டமடிக்கும்.

"இழு... இழுன்னு சொன்னேன்ல!" என்று ஹெட்போனில் கத்துவார்.

"நீதாம்பா அவசரப்படறே!"

"நாள் பூரா அடுத்தவன் மாடிப்படி ஏறாம இருக்க உழைக்கிறேன். இங்க வந்து துடுப்பு வேற போடணுமா?"

படகு தொல்லையாக இருக்கிறதா என்று கம்பெனி கேமுக்குள்ளேயே கருத்துக் கேட்டது. ஆமாம் என்பதை ஓங்கி அமுக்கினார்.

பிறகு கை பழகியது. பனிமூட்டத்தில் கரை தெரியாமல் இழுத்துக்கொண்டே போகையில், எதிரே திரை இருப்பதே மறந்துவிடும். போன் செய்தால் "நல்லாருக்கேம்பா" என்பதோடு முடித்துக்கொள்ளும் மகள், நடுக்கடலில் வாய் திறந்தாள். மேலதிகாரி எல்லோர் முன்னாலும் மட்டம் தட்டியது, கல்யாணம் ஏன் வேண்டாம் என்றாள் என்பது, எல்லாம் இரண்டு இழுப்புக்கு நடுவே வந்ததுதான். அவரும் வெடிக்காமல் கேட்டார். கையில் வேலை இருந்ததே.

போன வாரம் அப்டேட் வந்தது. மேப்பில் தீவைத் தொட்டால் போதும், அங்கே போய் நிற்கலாம். கண் மூடித் திறப்பதற்குள் நாலு புதையல்.

"சூப்பர்ல? சரிப்பா, வச்சிடறேன்."

அவ்வளவுதான் பேச்சு.

படுபாவிகள்! முழுக் கடலையும் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டார்களே என்று கொதித்தார். படகு தொல்லை என்று சொன்னவர்களில் தானும் ஒருவர் என்று நினைவு வந்தபோது இன்னும் கொதித்தது. அமுக்கிய விரலை யாரிடம் போய்த் திட்டுவது?

நேற்று மகள் தீவைத் தொட்டுப் போய்விட்டாள். அவர் வீம்புக்குப் படகில் ஏறினார்.

"எங்கப்பா இருக்கே?"

"கடல்ல."

"ஏம்பா உயிரை வாங்கறே? தொட்டா வந்துடலாம்ல?"

"தொட மாட்டேன். என்ன பண்ணுவே?"

அவள் மேப்பைப் பார்த்திருக்க வேண்டும். "படகு அதே இடத்துலயே சுத்துதேப்பா."

"ஒத்தை ஆள் இழுத்தா சுத்தாம என்ன செய்யும்?" என்று கத்தினார். "பக்கத்து சீட்டு காலியா கெடக்கே, தெரியலையா?"

அவள் லைனைத் துண்டிக்கவில்லை. அவர் துடுப்பை விடவில்லை. படகும் சுற்றுவதை விடவில்லை.