பின்கதவை மகள் திறந்தாள்

இன்று பாலக்கரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில், எங்கள் காரின் பின்கதவுகளுக்கும் தொட்டால் பூட்டு திறக்கும் கைப்பிடி மாட்டினோம். சாவி நம் பையில் இருந்தால் போதும்.

மெக்கானிக்குக் குழப்பம். "முன்கதவுல ஏற்கெனவே இருக்குதுங்களே மேடம். பின்னாடிக்கு யாருமே கேட்டதில்லைங்க."

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. நடக்க முடியாது. சக்கர நாற்காலியிலிருந்து இரண்டு கைகளாலும் தூக்கித்தான் பின்சீட்டில் உட்கார வைப்பேன். அதற்கு முன்பு நான் ஓடிப்போய் முன்கதவைத் தொட்டு, பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு வர வேண்டும். இதைச் சொன்னதும் அவர் வேலையை ஆரம்பித்தார்.

மாலையில் ஸ்ரீரங்கம் போனோம். திரும்பும்போது அவளைத் தூக்கிக்கொண்டு கார் அருகே வந்து, "நீயே தொடு" என்றேன்.

விரல்களைக் கைப்பிடிக்குள் விட்டாள். டக்கென்று பூட்டு விடுபட்டது. அவள் இழுத்தாள், நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன், கதவு திறந்தது.

அவள் வெளியிலிருந்து திறந்த முதல் கார் கதவு அது.

சீட்டில் உட்கார வைத்ததும் சொன்னாள்: "மறுபடியும் தூக்கும்மா. இன்னொரு தடவை திறக்கறேன்."

ஐந்து தடவை தூக்கினேன். முதுகுவலிக்கு நல்ல தைலம் தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.