வந்த காரணம் என்ற கட்டம்

கார்பன் தாளின் மணம் உங்களில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அதுதான். பூசை முடிந்து வரும்போது தலைமுடியில் சாம்பிராணி மணக்கும். அரை மணித்தியாலத்தில் விரலெல்லாம் கார்பன் நீலம்...

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி ஒரு லொட்ஜ் இருந்தது. யுத்த காலம். வடக்கிலிருந்து விசாவுக்கும் வைத்தியத்துக்கும் வந்தவர்கள் அங்கே மாதக்கணக்கில் தங்கியிருப்பார்கள். ஒவ்வொருவரும் பொலிஸில் பதிய வேண்டும். அதற்கான படிவம், பாரம் என்போம், சிங்களத்தில் இருக்கும். அவர்களுக்குச் சிங்களம் தெரியாது. எனக்குத் தெரியும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடி வந்த சிங்களம்; எழுத்தையும் அவர்களின் கொப்பி பார்த்துப் பழகியிருந்தேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. லொட்ஜின் முன் மேசையில் இருந்து பாரம் நிரப்பிக் கொடுப்பேன். ஒரு பிரதி பொலிஸுக்கு, கார்பன் பிரதி மேசையின் இழுப்பறைக்கு, எங்கள் பேச்சில் லாச்சிக்கு.

பெயர், ஊர் எல்லாம் சுலபம். 'கொழும்புக்கு வந்த காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கேதான் எல்லோரும் தங்கள் முழுக் கதையையும் சொல்லத் தொடங்குவார்கள். ஒரு பெரியவர் இடம்பெயர்ந்த ஊர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார்.

"ஐயா, இந்தக் கட்டம் ரெண்டு அங்குலம்தான்" என்றேன்.

"அப்ப என்ர முழங்கால் நோவை மட்டும் எழுது பிள்ளை. மிச்சத்தை அவங்கள் கேட்டா நான் சொல்லுறன்."

எந்தச் சிங்களத்தில் சொல்வாரோ... சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

பொய்யும் இருக்கக் கூடாது, சந்தேகமும் வரக் கூடாது. ஒரு ஆளை ஒரு வரிக்குள் வைக்க வேண்டும். சரியான வரி வந்துவிட்டால் எனக்குள் ஏதோ ஒன்று அமைதியாகும். நேரம் போவதே தெரியாது. அம்மா வாசலில் நின்று கத்துவா: "சோறு ஆறிப்போச்சு! லொட்ஜ்காரங்க உன்னைத் தத்தெடுத்திட்டாங்களா?"

அதே நாட்களில்தான், தினமும் காலையில் முழங்காலில் நின்று ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆண்டவரே, என்னை எதற்காகப் படைத்தீர்?

பாடற்குழுவில் சேர்ந்து பார்த்தேன், குரல் இல்லை. மறைக்கல்வி வகுப்பு எடுத்தேன், பிள்ளைகள் என் தலையில் ஏறி விளையாடினார்கள். ஒருவேளை கன்னியர் மடம்தானோ என்று நினைத்து, வத்தளையில் நடந்த இரண்டு நாள் அழைத்தல் தியானத்துக்குப் பெயர் கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலை பையோடு வாசலில் இறங்குகிறேன். பத்மா அக்கா செருப்பில்லாமல் ஓடி வருகிறா. கணவரின் கண் ஒப்பரேஷனுக்காக வந்து லொட்ஜில் தங்கியிருந்தவ.

"தங்கச்சி, இவரைச் செக்பொயின்ற்ல பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். எனக்கு அவங்கட பாஷை விளங்கேல்ல. ஒருக்கா வந்து கதைச்சு விடுவீங்களோ?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மௌனத் தியானம், பிந்திப் போனால் சேர்க்க மாட்டார்கள். இப்படிப் பிடித்துப் போகிறவர்களைப் பின்னேரமே விடுவதையும் நிறையப் பார்த்திருக்கிறேன். இவ்வளவும் அந்த ஒரு நிமிடத்தில் எனக்குள் ஓடியது.

"அக்கா, நாளைக்குப் பின்னேரம் வந்திடுவன். விடாட்டி வந்த உடனே போவம்."

அக்கா கோபப்படவில்லை. "ஓம் ஓம், நீங்கள் கோயில் விசயமாய்ப் போறீங்கள். எங்களுக்காகவும் மன்றாடுங்கோ."

மன்றாடினேன். உண்மையாகவே மன்றாடினேன்.

அன்று பின்னேரம் தியானத்தை நடத்திய சிஸ்டர் எல்லோருக்கும் ஒரு கொப்பி தந்து சொன்னார்: "எந்த வேலையைச் செய்யும்போது உங்களுக்கு நேரம் போறது தெரியிறதில்லை? ஒரு வரியில எழுதுங்க. ஆண்டவர் உங்களை அங்கதான் கூப்பிடுவார்."

விடை எனக்கு உடனே தெரிந்தது. ஆனால் பொலிஸ் பாரத்தையும் கார்பன் தாளையும் தியானக் கொப்பியில் எழுத வெட்கமாக இருந்தது. 'ஜெபத்தில்' என்று எழுதினேன். சிஸ்டர் வாசித்துவிட்டு என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார்.

ஞாயிறு பின்னேரம் வந்து பார்த்தால் எல்லாம் முடிந்திருந்தது. சனிக்கிழமை மத்தியானமே ஒரு சிங்களக் கடதாசியில் அக்காவின் கணவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். என்ன எழுதியிருந்தது என்று அவருக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. 'கண் சத்திரசிகிச்சைக்காக' என்று நான் எழுதிய பாரத்தின் பிரதி லொட்ஜ் லாச்சிக்குள் கிடந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று அக்காவுக்கு யார் சொல்வது?

பத்து மாதம் உள்ளே இருந்தார். வெளியே வந்தபோது அந்தக் கண்ணில் பார்வை இல்லை.

நான் போயிருந்தால் விட்டிருப்பார்களா? தெரியாது. அந்தத் 'தெரியாது' என்னோடேயே இருக்கிறது.

ஊருக்குத் திரும்பும்போது அக்கா பிஸ்கட் பெட்டியோடு சொல்லிவிட்டுப் போக வந்தா. "நீங்கள் மன்றாடினபடியால்தான் உயிரோட வந்தவர்" என்றா. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதன் பிறகு நான் லொட்ஜ் பக்கம் போகவேயில்லை. வெட்கம். ஆட்கள் வீடு தேடி வந்தபோதும் அம்மாவிடம் 'இல்லை' என்று சொல்லச் சொன்னேன். ஒரு நாள் செய்த பிழையை விட இதுதான் பெரிய பிழை என்று விளங்க எனக்கு இருபது வருஷம் எடுத்தது. மடத்துக்கும் போகவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பனியில் வேலை, கல்யாணம், வெள்ளவத்தையில் வீடு. குறை சொல்ல ஒன்றுமில்லை... ஆனால் நேரம் போவது மட்டும் தெரிகிறது.

லொட்ஜ் இருந்த இடத்தில் இப்போது அப்பார்ட்மென்ட். போனைக் காட்டினால் சிங்களம் தமிழாகிறது. யாருக்கும் என் இரண்டு அங்குல வரி தேவையில்லை.

போன கிழமை எங்கள் பங்கு இளைஞர்கள் வந்து, "அன்ரி, கடவுள் எங்களுக்கு வச்சிருக்கிற நோக்கத்தைக் கண்டுபிடிக்கிறது எப்படி என்று இருபது நிமிஷம் பேசுவீங்களா?" என்று கேட்டார்கள். என்னிடம்!

அலுமாரிக்கு அடியிலிருந்து அந்தக் கொப்பியை எடுத்தேன். 'ஜெபத்தில்' என்ற சொல் அப்படியே இருந்தது. அதை வெட்டிவிட்டு, பக்கத்தில் 'பாரம் நிரப்பும்போது' என்று எழுதினேன்.

பழைய மை மங்கிப்போயிருக்கிறது. புது மை கறுப்பாக... வேறு யாரோ எழுதியது போல.

பேச வருவதாக இளைஞர்களுக்கு ஓம் சொல்லியிருக்கிறேன். பத்மா அக்காவின் பெயரைச் சொல்லித்தான் தொடங்கப் போகிறேன்.