நான் நகராமல் நின்ற மதியம்

போன மழைக்காலத்தில் ஒரு மதியம், சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் என் மகளைத் தொலைத்தேன். அவளுக்கு நாலு வயது. பெயர் ஜெமிமா. அன்று தேவன் எனக்குச் செய்ததை உங்கள் முன்னால் சொல்லாமல் இருந்தால் என் மனம் ஆறாது.

நானும் என் கணவர் சாமுவேலும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். இங்கே பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் ஆளுக்கொரு ஷிப்ட். அவர் முதல் ஷிப்ட் முடிந்து வந்து இறங்குவார். பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் இரண்டாம் ஷிப்டுக்குப் பஸ் ஏறுவேன். அன்று அவருடைய பஸ் தாமதம்.

அந்த நேரத்தில் நிறுத்தம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பஸ் மேல் பஸ்ஸாக வந்து நிற்கும். கம்பெனிப் பெண்கள் எல்லாரும் ஒரே நீலச் சட்டையில் இருப்போம். பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டினேன். அவ்வளவுதான். திரும்பினால் பிள்ளை இல்லை.

கத்தினேன். கடைகளுக்குள் ஓடினேன். நின்றிருந்த லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பெரிய ரோட்டில் வண்டிகள் பறந்துகொண்டிருந்தன. டீக்கடை வைத்திருக்கும் தனம் அக்கா போலீசுக்குப் போன் செய்தார். அதற்குள் சாமுவேல் வந்து இறங்கினார். யாரோ ஒருவர், காஞ்சிபுரம் போகும் பஸ்ஸில் ஒரு அம்மா சின்னப் பிள்ளையை ஏற்றியதைப் பார்த்தேன் என்றார். சாமுவேல் ஒரு நண்பரின் பைக்கை வாங்கிக்கொண்டு வந்து என்னை ஏறச் சொன்னார்.

ஒரு காலைத் தூக்கிவிட்டேன். அப்போதுதான் உள்ளுக்குள், "ஆண்டவரே, எந்தப் பக்கம் போக?" என்று கேட்டேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை. இங்கேயே நில் என்ற எண்ணம் மட்டும் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. மறுபடி கேட்டேன். அதே எண்ணம்தான்.

"நீங்க போங்க. நா இங்கனயே நிக்கேன்" என்றேன்.

"பெத்தவதானா நீ?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

நின்றேன். நான் ஓரிடத்தில் சும்மா நிற்கிறவள் அல்ல. ஜெபத்தைக்கூட அடுப்பைத் துடைத்துக்கொண்டேதான் செய்வேன். ஓடுவது எனக்குச் சுலபம். நிற்பதுதான் உயிர் போகிறாற்போல் இருந்தது. ஒவ்வொரு ஆட்டோ போகும்போதும் அதன் பின்னால் ஓடக் கால் துடித்தது. என் பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை. தனம் அக்காவுக்கும் பொறுக்கவில்லை.

"இன்னாம்மா, இங்கியே நின்னுக்கினு கீற? போய்த் தேடும்மா."

அவர் சொன்னது நியாயம்தான். தம்மை நம்புகிறவர்களைக் கைவிடுவதில்லை என்று தேவன் கொடுத்த வாக்கை மட்டும் வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொன்னேன். பாதி நம்பிக்கையோடுதான் சொன்னேன். பாதி பயம். "நான் நினைத்தது தப்பாக இருந்தால் என் பிள்ளையை யார் தருவார்?" என்று அவரிடமே சண்டை போட்டேன். மழை தூற ஆரம்பித்தது. அப்போதும் நகரவில்லை.

எதிர்ப்பக்கம் ஒரு கம்பெனி பஸ் வந்து நின்றது. நீலச் சட்டை போட்ட ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு இறங்கி ரோட்டைக் கடந்து வந்தாள். ஜெமிமா. அவள் அழக்கூட இல்லை. பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

அந்தப் பெண்ணின் பெயர் முத்துலட்சுமி. ராமநாதபுரத்துக்காரி, ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். சட்டையைப் பார்த்து நான்தான் என்று நினைத்து ஜெமிமா யார் பின்னாலோ அவர்கள் பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். பஸ் வல்லம் வடகாலில் இருக்கும் அவர்கள் கம்பெனிக்குப் போய் எல்லாரும் இறங்கிய பிறகுதான் பின் சீட்டுக்கு அடியில் முத்துலட்சுமி அவளைப் பார்த்திருக்கிறாள். பிள்ளைக்கு எங்கள் போன் நம்பர் தெரியாது. அம்மா டீக்கடைகிட்ட நிக்கும் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். பிள்ளையை கேட்டில் செக்யூரிட்டியிடம் விடச் சொல்லியிருக்கிறார்கள். இவள் விடவில்லை. தன் ஷிப்டை விட்டுவிட்டு, ஷிப்ட் முடிந்து திரும்புகிறவர்களோடு அதே பஸ்ஸில் ஏறி வந்துவிட்டாள்.

"நீங்க நிப்பீங்கன்னு அது சொல்லுச்சுக்கா. அதான் கூட்டியாந்தேன்" என்றாள்.

நான் ரோட்டிலேயே முழங்கால் போட்டேன். சேறு, கூட்டம், எதுவும் தெரியவில்லை. போன் செய்தபோது சாமுவேல் காஞ்சிபுரத்தை நெருங்கியிருந்தார். திரும்பி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அழுதார். கோபத்தில் கேட்ட வார்த்தைக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

தேடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் கணவரைப் போகச் சொன்னவரும் தேவனாகவே இருக்கலாம். எனக்குச் சொன்னது வேறு. அது எனக்குப் புரியவில்லை, ஊருக்கு முன்னால் அவமானமாகவும் இருந்தது. ஆனாலும் கீழ்ப்படிய அவரே பெலன் தந்தார். இப்போது காலையில் கொஞ்ச நேரம் கையில் எந்த வேலையும் இல்லாமல் அவர் முன்னால் உட்காருகிறேன். இன்னும் மனசு அலைபாயத்தான் செய்கிறது. இருந்தாலும் எழுந்திருப்பதில்லை.

உங்களில் யாருக்காவது இன்று மனசு உள்ளே அப்படி ஓடிக்கொண்டிருந்தால், அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். போகச் சொன்னால் போங்கள். நிற்கச் சொன்னால் கால் நடுங்கினாலும் நில்லுங்கள். நம் கண்ணுக்குத் தெரியாத ரோட்டில் அவர் ஒருவரை நம்மிடம் அனுப்பிக்கொண்டிருப்பார்.