‘அது நான்தான்’ டார்க்கஸ் அக்கா

“மூணு வெண்டைக்காய் நுனியை நான்தான் ஒடிச்சேன். முத்தலா இருந்துச்சுன்னு உள்ளேயே போட்டுட்டேன். அதையும் சேர்த்து நிறுங்க.”

தேக்கா சந்தையில் முகைதீன் பாயின் காய்கறிக் கடை. எனக்கு முன்னால் நிற்கும் டார்க்கஸ் அக்கா குவியலுக்குள் கைவிட்டு, தான் ஒடித்த மூன்றையும் தேடி எடுத்துத் தராசில் வைக்கிறார். வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்காத தமிழச்சி சிங்கப்பூரில் கிடையாது. ஒடித்தது நான்தான் என்று ஒப்புக்கொண்ட இன்னொருத்தியை நான் பார்த்ததில்லை. “ஆன்ட்டி, விடுங்க லா,” என்று பாய் வாராவாரம் கெஞ்சுவார். அக்கா விடமாட்டார். பின்னால் வரிசையில் நிற்கும் எங்களுக்குத்தான் எரிச்சல் மண்டிக்கொண்டு வரும்.

அக்காவுக்கு அறுபத்தொன்பது வயது. ஜாலான் புசார் பக்கம் எங்கள் அடுக்குமாடியில் அவர் எட்டாவது மாடி, நான் ஏழாவது. கணவர் காலமாகிப் பத்து வருடமாகிறது. ஒரே மகள் அனிதா பெர்த்தில் இருக்கிறாள். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, காதில் சின்ன முத்து, கையில் ஒரு துணிப்பை. எந்தத் தப்பு நடந்தாலும் அதில் தன் பங்கு எவ்வளவு என்று முதலில் தேடுகிற புத்தி. ஒருநாள் மூச்சிரைக்க என் வீட்டுக் கதவைத் தட்டினார். “வெளிய காயிற உன் போர்வை நனைஞ்சிருக்கா? அது நான்தான்மா. என் துணி சொட்டிடுச்சு.” போர்வை நனைந்ததையே நான் அப்போதுதான் பார்த்தேன். மின்தூக்கி வாசலில் யாரோ பூந்தொட்டியை உடைத்தபோதும், “நேத்து நான் அதைக் கொஞ்சம் நகர்த்தினேன், ஒருவேளை நான்தானோ?” என்று போய் நின்றார். கொலை வழக்கில் சும்மா விசாரித்தால்கூட இந்த அம்மா ஒப்புக்கொண்டு உள்ளே போய்விடுவார் என்பார் என் வீட்டுக்காரர்.

அக்கா போகும் தமிழ்ச் சபை, வீட்டிலிருந்து நடக்கிற தூரம். மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே திருவிருந்து. விரல் உயரக் கண்ணாடிக் கிண்ணங்களில், இயேசுவின் இரத்தத்துக்கு அடையாளமாகத் திராட்சரசம் ஊற்றித் தட்டில் வைத்து, வரிசை வரிசையாகக் கொண்டு வருவார்கள். முதல் நாளே அந்தக் கிண்ணங்களை வெந்நீரில் கழுவி, துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது அக்காவின் வேலை. மேசைவிரிப்பைச் சலவை செய்து பெட்டி போடுவதும் அவர்தான். போன வருடம் அவருக்கு முழங்கால் வலி என்பதால் உதவிக்கு நானும் போனேன். மறுநாள் ஆராதனைக்கும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தட்டு அக்காவிடம் வந்தபோது அவர் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். தட்டைக் கொண்டுவந்தவர் நிற்காமல் அடுத்தவரிடம் போய்விட்டார். அது அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. ஊருக்கெல்லாம் விருந்து வைத்துவிட்டு இந்த அம்மா பட்டினி கிடக்கிறாரே என்று எனக்கு வயிறு எரிந்தது.

காரணம் அடுத்த மாதம் கிண்ணம் கழுவும்போது தெரியவந்தது. அக்கா பழைய கதை பேச ஆரம்பித்தால் குழாயை மூட மறந்துவிடுவார். தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வைக்கும் பச்சைத் தகடு செய்யும் தொழிற்சாலை. நீலச் சட்டை போட்ட நாற்பது பெண்கள். விடிகாலை ஆறேகாலுக்குக் கம்பெனி பஸ்ஸில் வரும் பாட்டு, மதியம் ஒரே தட்டில் நாலு பேர் பங்கிட்டுத் தின்ற மீ கோரெங் நூடுல்ஸ், சம்பளச் சனிக்கிழமை சாங்கி கடற்கரையில் கால் நனைத்துக்கொண்டு கொறித்த அவித்த கடலை. “நாகம்மா ஒருத்தி. ஜொகூர்க்காரி. அவ சிரிச்சா மிஷின் சத்தமே கேக்காது,” என்றவர் சட்டென்று நிறுத்தினார். குழாயை மூடினார்.

“அப்ப எனக்கு அஞ்சு மாசம். தலை சுத்துச்சு. நாகம்மா தன் சீட்டைக் கொடுத்தா, மேல ஃபேன் இருக்குன்னு. ஒரு மணி நேரம் அங்க உக்காந்தேன். கடைசியிலதான் பாத்தேன், தகட்டுல பாகத்தையெல்லாம் தலைகீழா வச்சிருக்கேன். யார்கிட்டயும் சொல்லாம எழுந்து வந்துட்டேன்.”

ஒவ்வொரு இருக்கைக்கும் ஓர் எண். தகட்டில் அந்த எண்தான் விழும். மறுநாள் மேற்பார்வையாளர் தகடுகளை மேசையில் கொட்டி, யார் வேலை இது என்று கத்தினார். நாகம்மா மிரண்டுபோய் நின்றாள். டார்க்கஸ் அக்கா இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அந்த வாரமே நாகம்மாவுக்கு வேலை போயிற்று, சிங்கப்பூரில் வேலை செய்யும் பெர்மிட்டும் போயிற்று. அவள் ஜொகூருக்குத் திரும்பிவிட்டாள்.

“நான் ஒண்ணும் பொய் சொல்லல. வாயைத் தொறக்கல, அவ்ளோதான். அவ தன் கைத்தப்புன்னே நம்பிப் போயிருப்பா.”

முப்பத்தெட்டு வருடம். எனக்குத் தாங்கவில்லை. “அக்கா, எல்லார் பாவத்துக்கும் சேர்த்து உங்க சாமிதான் சிலுவையில செத்துட்டாரே. பிறகு என்ன?” என்று கேட்டுவிட்டேன்.

“பாஸ்டரும் அதைத்தான் சொல்றார். கர்த்தர் மன்னிச்சுட்டார்மா, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா நாகம்மாவுக்கு அது தெரியாதே. அவகிட்டச் சொல்லாம நான் எப்படி அந்தக் கிண்ணத்தைத் தொடுவேன்?”

இந்த வருடத் தொடக்கத்தில், அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்த கண்மணி என்பவர் பழைய தோழிகளைத் தேடிப்பிடித்து ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார். நீலச் சட்டைப் படம் ஒன்று வந்தது. அக்கா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒருநாள் அதில் நாகம்மாவின் குரல் வந்தது: “எல்லாரும் சௌக்கியமா? நம்ம டார்க்கஸ் இருக்காளா?”

ஊர் முழுக்க ‘நான்தான்’ சொல்லித் திரியும் மனுஷி, சொல்ல வேண்டிய ஒரே இடத்தில் ஊமையாகிவிட்டார். மூன்று வாரம் பதிலே போடவில்லை. “அவ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா?” என்று என்னிடம் கேட்டார். திருப்பிக்கொண்டாலும் அவளுக்கு விஷயம் தெரிந்துவிடுமே என்றேன். அன்றிரவே அக்கா, வருகிறேன் என்று மட்டும் குழுவில் போட்டு விலாசம் வாங்கினார். மறுநாள் குவீன் ஸ்திரீட்டில் இருவரும் ஜொகூர் பேருந்து ஏறினோம். கடல்மேல் எல்லைப் பாலத்தைத் தாண்டும்வரை அக்கா துணிப்பையின் காதை முறுக்கிக்கொண்டே வந்தார்.

நாகம்மா குண்டாக, நரைத்த தலையோடு, வாசலிலேயே நின்றிருந்தார். சிரிப்பு மட்டும் அக்கா சொன்னபடியே இருந்தது. அக்கா உட்காரக்கூட இல்லை.

“நாகம்மா, அந்தத் தகடு... அது நான்தான்.”

“தெரியும்லா.”

“தெரியுமா?”

“கை ரெண்டையும் மேசைக்கடியில வச்சியே, நடுங்கிச்சே. அப்பவே தெரியும்.”

“பின்னே ஏன் நீ சொல்லல?”

“நீயே சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லல. வயித்துப் பிள்ளைக்காரி, அவளை வெளிய அனுப்பிட்டா எங்க போவா, போகட்டும்னு நான் ஏத்துக்கிட்டேன்.” அக்காவின் துணிப்பையை வாங்கி ஓரமாக வைத்தவர், “ஆனா ரெண்டு வருஷம் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதையும் சொல்லிடுறேன்,” என்றார்.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன், எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. நாகம்மா தேநீரும் கறிபாப்பும் கொண்டுவந்து வைத்து, “ஆறிடும், சாப்பிடு. என்ன பிள்ளை பெத்தே?” என்று கேட்டார்.

“பொண்ணு,” என்றார் அக்கா. கைப்பேசியைத் திறந்து அனிதாவின் படத்தைக் காட்டினார். நாகம்மா அதை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் முதல் ஞாயிறு நானும் சபைக்குப் போய், வழக்கம்போலக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எனக்கு இரண்டு வரிசை முன்னால் அக்கா. தட்டு வந்தது. கொண்டுவந்தவர் பழக்கதோஷத்தில் அக்காவை நிமிர்ந்தும் பார்க்காமல் தாண்டிப் போய்விட்டார். அக்கா கூப்பிடவில்லை. முந்தானைக்குள்ளிருந்து இரண்டு கைகளும் வெளியே வந்தன. தட்டுக்காரர் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்வரை, எல்லோரும் பார்க்க, அந்தக் கைகளை அவர் நீட்டியபடியே வைத்திருந்தார்.