புள்ளமடுவத்து அலுமாரி

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் புள்ளமடுவத்துக்கு நான்தான் பொறுப்பு. கொழுந்து எடுக்கப் போகும் அம்மாமார் விட்டுப்போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. போன மழைக்கு எங்கள் லயத்து வீட்டுக் கூரைத் தகரம் ஒழுகியதால், என் கல்யாணத்துக்கு அப்பா செய்து கொடுத்த மர அலுமாரியைத் தூக்கிவந்து மடுவத்துச் சுவரோரம் வைத்தேன். புத்தி கெட்ட வேலை. நான் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்த நாளில் கொழும்புக் கம்பெனியிலிருந்து சாமான் கணக்கெடுக்க இரண்டு பேர் வந்து, தொட்டில், உட்காரும் வாங்கு, தராசு என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். என் அலுமாரிக் கதவிலும் ஒன்று.

மகளுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அலுமாரி லொறி ஏறிக் கந்தப்பளைக்கு, அவள் வீட்டுக்குப் போக வேண்டும். நாங்கள் இருக்கும் லயம் தோட்டத்தினுடையது. வாசல் மண்ணும் தோட்டத்தினுடையது. சொந்தம் என்று அவளுக்குக் கொடுக்க என்னிடம் இருந்தது அந்த அலுமாரி ஒன்றுதான்.

தோட்டத்து ஆபீசுக்கு ஓடினேன்.

"ஐயா, அது எங்கப்பா செஞ்சு குடுத்ததுங்க. உள்ள என் கூறச்சேல இருக்குதுங்க."

"கூறச்சேல ஒங்களுதுதான்," என்றார் கிளாக்கர் ஐயா. "அலுமாரி லிஸ்ட்ல ஏறிருச்சே. லிஸ்ட் கொழும்புக்குப் போயிருச்சு."

"அப்ப அந்த ஸ்டிக்கரக் கிழிச்சுப் போட்டுர்றேன்."

"ஐயையோ! கிழிச்சா தோட்டத்துச் சாமான நாசமாக்குன குத்தம்." சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாருங்க, கேட்ல ஸ்டிக்கரத்தான் பாப்பாங்க. அடுத்த வருசமும் ஸ்டிக்கரத்தான் எண்ணுவாங்க. அந்த ஸ்டிக்கர் மடுவத்த விட்டு வெளிய போகக் கூடாது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

எனக்கும் அவ்வளவு போதும்.

சனிக்கிழமை மத்தியானம், பிள்ளைகள் தூங்கும் நேரம், தேயிலை கவ்வாத்து வெட்டும் கத்தியோடு வந்து நின்றார் என் வீட்டுக்காரர்.

"தள்ளு புள்ள, ஒரே சீவு."

"சீவுவீங்க, சீவுவீங்க! பாலிசோட சேத்துச் சீவி, ஸ்டிக்கரையும் கிழிச்சிட்டு, நான் ஜெயிலுக்குப் போறதா?"

கத்தியைப் பிடுங்கி வைத்தேன். பால் போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றி ஸ்டிக்கரின் மேல் மெல்ல உருட்டினேன். பசை இளகியதும் பழைய போன் ரீலோட் அட்டையை விளிம்பில் செருகிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். நடுவில் ஒரு பிள்ளை சிணுங்க, அதே போத்தலை எடுத்து நீட்டப் போனார் அந்த மனுசன். ஒரு முறை முறைத்தேன். கடைசியில் ஸ்டிக்கர் ஒரு மூலைகூட மடங்காமல் முழுதாக வந்தது. பெற்ற பிள்ளையை முதன்முதலாக வாங்கியதுபோல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டேன்.

கதவில் பிசுக்கு மட்டும் சதுரமாக நின்றது. மண்ணெண்ணெய் போடலாம் என்றார் அவர். அது பாலிசைத் தின்றுவிடுமே! பிள்ளைகளின் தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெயைத் தடவி அரைமணி நேரம் ஊறவிட்டு, மர ரேகை ஓடும் பக்கமாகவே பழைய துணியால் தேய்த்தேன். பசை உருண்டை உருண்டையாகத் திரண்டு வந்தது. ஸ்டிக்கர் தானாக ஒட்டும் நிலையில் இல்லை. மிச்சமிருந்த சோற்றை மசித்து, விளையாட்டுச் சாமான் போட்டுவைக்கும் பழைய தேயிலைப் பெட்டியில் அதை ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை கேட்டில் லொறியை நிறுத்திய காவல்காரர் அலுமாரிக் கதவைத் தடவினார்.

"என்னக்கா, ஒரே எண்ணெய்யா இருக்கு?"

"பொண்ணு வீட்டுக்குப் போவுதுல்ல தம்பி. தலைக்கு எண்ணெ வச்சு அனுப்புறோம்."

சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்துவிட்டார். லொறி வளைவு திரும்பும்வரை நான் நின்று அழுதேன்.

அடுத்த வருடம் கணக்கெடுக்க மறுபடியும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் லிஸ்டைப் பார்த்து, "மர அலுமாரி, ஒன்று" என்று சிங்களத்தில் வாசித்தார். மற்றவர் என் முழங்கால் உயரமே இருந்த பெட்டியின் முன்னால் குந்தி, நம்பரைச் சரிபார்த்து, இருக்கிறது என்றார். எழும்போது என்னைப் பார்த்துத் தெரிந்த தமிழில், "நல்ல அலுமாரி" என்றும் சொன்னார்.

பிறகு பையிலிருந்து புது ஸ்டிக்கர் சுருளை எடுத்துக்கொண்டு மடுவத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. என் குடை, செருப்பு, சோற்றுப் பெட்டி எல்லாவற்றையும் காலையிலேயே வெளியே வேலியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தேன்.