இன்னொரு சென்ட்ரல்

யாரென்றே தெரியாத அமெரிக்கப் பிள்ளைகளுக்கு நானும் அண்ணையும் கை நோகத் தட்டிக்கொண்டிருந்தோம். இன்று நினைத்தாலும் முதலில் கோபம்தான் வருகிறது. ஊருக்கு ஊர் பள்ளிக்கூடத்துக்கு ஒரே பெயரை வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தால், எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது?

அண்ணை என் கூடப்பிறந்தவர் இல்லை. மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று குளிசைப் போத்தல்களைப் பெட்டியில் அடுக்கினோம். அவருடைய மனைவி பிரிந்து, மகளையும் கூட்டிக்கொண்டு அமெரிக்காவில் இருந்த தமையனிடம் போய்விட்டார். யாரில் பிழை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெட்டியால் எறிந்திருப்பார். மகள் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். உயர்பள்ளி முடித்துப் பட்டயம் வாங்கும் விழாவுக்கு அவளேதான் அழைத்தாள். "நீங்கள் வரமாட்டீங்கள் எண்டு அம்மா சொல்லுறா" என்றாளாம். அது போதும். அண்ணை புதுக் கோட் வாங்கிவிட்டார்.

சென்ட்ரல் ஹை ஸ்கூல் என்று மகள் சொல்லியிருந்தாள். அண்ணைக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. ஊரில் அவர் படித்ததும் ஒரு சென்ட்ரலில்தான். பஸ்ஸில் ஏறிச் சென்ட்ரல் என்றால் கொண்டக்டர் வாசலில் இறக்கிவிடுவான், எந்தச் சென்ட்ரல் என்று கேட்கமாட்டான். "விலாசத்தைக் கேளுங்கோ அண்ணை" என்றேன். "தகப்பனுக்குப் பிள்ளையின்ர பள்ளிக்கூடம் தெரியாதாம் எண்டு தாய் சிரிக்கவோ? மாநிலம் தெரியும்தானே, போனில அடி" என்றார். அடித்தேன். ஒரு சென்ட்ரல் வந்தது, மகள் சொன்ன நாளில்தான் அங்கும் விழா. விடியவே என் காரில் எல்லையைத் தாண்டினோம். எங்கே போகிறீர்கள் என்று எல்லையில் நின்ற அதிகாரி கேட்டதற்கு, அண்ணை "சென்ட்ரலுக்கு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

மண்டபத்தில் கடைசிப் பெயரின் ஆங்கில எழுத்து வரிசைப்படி பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? தகப்பனின் பெயரே பிள்ளையின் கடைசிப் பெயர். மகளைக் கூப்பிட்டால் அண்ணையின் பெயரையும் சேர்த்துத்தான் கூப்பிடவேண்டும். அதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்பது அங்கேதான் எனக்கு விளங்கியது. தன் எழுத்து நெருங்கியதும் அவர் கைதட்டலை நிறுத்திக் கதிரையின் நுனிக்கு வந்தார். எழுத்து வந்தது, போனது. "பேரை மாத்திப்போட்டாள் தம்பி. என்ர பேரை வெட்டிப்போட்டாள்" என்றார். மகளைத் தேடக்கூட இல்லை. காரில் ஏறி "மொன்றியலுக்கு விடு" என்றார். நான் வாயில் வந்தபடியெல்லாம் அவருடைய மனைவியைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். அண்ணை தடுக்கவில்லை.

பெற்றோல் அடிக்க நிறுத்திய இடத்தில் மகளின் அழைப்பு வந்தது. காருக்குள் எல்லாமே கேட்டது. "அப்பா, எங்க நிக்கிறீங்கள்? உங்கட பேரைப் பிழையாக் கூப்பிட்டவை. நான் மைக்குக்குக் கிட்டப் போய்ச் சரியாச் சொல்லிப்போட்டுத்தான் வாங்கினனான். கேட்டனீங்களோ?"

அண்ணை போனை என் பக்கம் நீட்டினார். நான்தான் நாங்கள் போன பள்ளிக்கூடம் இருந்த ஊரின் பெயரைச் சொன்னேன். அந்தப் பிள்ளை சிரித்தாள், அழுதாள், போனுக்கு வெளியே திரும்பிக் கத்தினாள்: "அம்மா, அப்பா வந்தவர்! வேற சென்ட்ரலுக்கு வந்தவர்!"

அண்ணை கோட்டின் கையால் முகத்தைத் துடைத்தார். "விசரன் மாதிரி நிக்கிறாய், காரைத் திருப்படா" என்று என்னில் பாய்ந்தார்.

அண்ணை இப்போது இல்லை. மகள் கல்யாணம் கட்டி, மொன்றியலுக்குப் பக்கத்தில் லொங்குய்யில் இருக்கிறாள். கியூபெக் சட்டப்படி, கட்டிய பெண் கணவன் பெயருக்கு மாற முடியாது. பிறந்தபோது வைத்த பெயர்தான் கடைசிவரை. இந்த மாகாணத்தின் சட்டம் ஒவ்வொன்றையும் நான் திட்டித் தீர்ப்பேன். இதை மட்டும் திட்டுவதில்லை.