பட்டியும் என் பழைய மிஷினும்

இன்று காலை கைபேசி மறுபடியும் கேட்டது. புதுப் பதிப்பு வந்திருக்கிறதாம். இப்போதே ஏற்றவா, ராத்திரி ஏற்றவா என்று. வேண்டாம் என்று சொல்ல ஒரு பொத்தான் இருக்குமே என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினேன். இல்லை. போன தடவை ஏற்றியதிலிருந்தே அது வெயிலில் நடந்த எருமை மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. மகன் எட்டிப் பார்த்து, "இந்த போன் இனித் தாங்காதும்மா, வேற வாங்கிக்கலாம்" என்றான்.

தாங்காது என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குச் சாம்பிராணி வாசம் வந்தது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், கோவை பீளமேட்டில் கல்லூரிகளுக்குப் போகும் சந்து ஒன்றில், மாணவர்களுக்குப் புராஜக்ட் ரிப்போர்ட் அடித்துக் கொடுக்கும் கடையில் வேலை பார்த்தேன். ஓனர் துரைசாமி அண்ணன் வெள்ளிக்கிழமை தோறும் சாம்பிராணி போடுவார். முதலில் சாமிப் படம், அடுத்து லேசர் பிரிண்டர், அப்புறம் ஒவ்வொரு மானிட்டரும். மானிட்டர் தலையில் மஞ்சளும் குங்குமமும் வேறு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற கத்தோலிக்கப் பெண்ணான நான், தும்மிக்கொண்டே, பொட்டு அழியாமல் என் மிஷினைத் துடைப்பேன். சூடான டோனரும் சாம்பிராணியும் கலந்தால் என்ன வாசம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. என் முதல் சம்பளத்தின் வாசம் அதுதான்.

கடையில் மிஷின், அதாவது கம்ப்யூட்டர், இரண்டு. புதியதில் நடராசு அண்ணன் உட்காருவார், பழையதில் நான். அண்ணன் என்றால் என்னைவிடச் சற்றே மூத்தவர், அவ்வளவுதான். அன்னூர்ப் பக்கம் தோட்டத்துக் குடும்பம். கம்ப்யூட்டர் படித்துவிட்டு பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தார். டிபன் பாக்ஸைத் திறந்தால் வாரத்தில் பாதி நாள் அரிசிம்பருப்புச் சோறுதான். கணக்கு நிறைந்த ரிப்போர்ட்டுகளை அழகாக அடிக்க லினக்ஸில் ஓடும் இலவச மென்பொருள் ஒன்று இருந்தது. ஏதோ பத்திரிகையோடு வந்த சிடியைப் போட்டு இருவரும் தட்டுத் தடுமாறி அதைப் பழகினோம். ஆனால் என் மிஷினில் ஒரு ஜன்னலைத் திரையின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளினால், அது போய்ச் சேர்வதற்குள் நான் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

ஒருநாள் ஓனர் சொன்னார்: "அம்மணி, இந்த மிஷின் இனித் தாங்காது. இதைக் குடுத்துப்போட்டு ஒத்தை மிஷினோட ஓட்டிக்கலாம்னு பாக்கறேன்."

ஒற்றை மிஷின் என்றால் ஒற்றை ஆள். அந்த ஆள் நானில்லை என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. அப்பா வேலை பார்த்த மில் பூட்டிக் கிடந்த காலம் அது. வீட்டில் உலை கொதித்தது என் சம்பளத்தில். ஓனர் கெட்டவரில்லை, அவருக்கும் வாடகை இருந்தது. நான் கீபோர்டைத் தட்டிக்கொண்டே இருந்தேன். என்ன அடித்தேன் என்று கேட்காதீர்கள்.

மறுநாளிலிருந்து நடராசு அண்ணன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஏதோ எழுத ஆரம்பித்தார். கேட்டதற்கு, "ஜன்னல மேய்க்கறதுக்கு ஒரு ஆளுங்க" என்றார். திரையில் எந்த ஜன்னல் முன்னே நிற்பது, எது பின்னே ஒதுங்குவது, எப்படி நகர்வது, எப்போது மூடுவது என்று பார்த்துக்கொள்ள தனியாக ஒரு புரோகிராம் உண்டு. எங்களிடம் இருந்தது ஏகப்பட்ட அலங்காரத்தோடு வந்த குண்டுப் புரோகிராம். அவர் எழுதியது எலும்பும் தோலுமானது. ஆடுகளை அடைக்கும் பட்டியை நினைத்து அதற்குப் 'பட்டி' என்றே பேர் வைத்தார். என் மிஷினில் முதன்முதலாக அதை ஏற்றிய அன்று, ஜன்னலைப் பிடித்து இழுத்தேன். கூடவே வந்தது. திரும்ப இழுத்தேன், திரும்ப வந்தது. வேலையை விட்டுவிட்டு அதையே செய்துகொண்டிருந்தேன். ஓனர் பார்த்துவிட்டு, "செரி, கெடக்கட்டும்" என்று போனார். அன்று மதியம் அந்த அரிசிம்பருப்பில் எனக்கும் பங்கு கிடைத்தது.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். அண்ணன் பட்டியை, மூல நிரலோடு, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டு வைத்தார். கடை திறந்து ஓனர் வருவதற்கு முன், டெலிபோன் லைனில் மோடம் கீச்சிட்டுக் கத்த, கடிதங்கள் இறங்கும். எங்கெங்கோ பழைய மிஷின் வைத்திருந்தவர்கள் பட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். பதில் எழுதுவதற்கு என் கான்வென்ட் இங்கிலீஷ். 'மதிப்பிற்குரிய ஐயா, தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமென நம்புகிறோம்' என்றுதான் ஆரம்பிப்பேன். வடக்கே பனி கொட்டும் ஊர் ஒன்றிலிருந்து எழுதுபவர், தனக்குக் குடும்பம் இல்லை, பூனை உண்டு, பூனை நலம் என்று பதில் போட்டார். அதிலிருந்து பூனையையும் விசாரிக்க ஆரம்பித்தோம்.

கடிதத்தோடு சீரும் வந்தது. ஒருத்தர் திரையில் கடிகாரம் ஓட நிரல் எழுதி அனுப்புவார், ஒருத்தர் வண்ணக் கரை, ஒருத்தர் பின்னணிக்குப் படம். அனுப்பியதையெல்லாம் அண்ணன் பட்டியில் சேர்த்துவிடுவார். "ஒருத்தரு மெனக்கெட்டுக் கொண்டாந்ததை வேண்டாம்னு எப்படீங்க சொல்றது?" என்பார். எங்கள் ஊரில் சீர்த் தட்டைத் திருப்பி அனுப்பினால் தலைமுறைக்கும் பேச்சு நின்றுவிடும். அந்தப் பழக்கத்தில் அவர் உலகத்துச் சீரையெல்லாம் வாங்கி அடுக்கினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஜன்னலை இழுத்துவிட்டு டீக்கடைப் பக்கம் நான் மறுபடி பார்க்க ஆரம்பிக்கும் வரை.

தை பிறந்ததும் மிஷினைக் கொடுத்துவிடப் போவதாக ஓனர் சொன்னார். இம்முறை அதை வாங்க ஆளும் பேசி வைத்திருந்தார். எனக்குக் கோபம் அண்ணன் மேல்தான் வந்தது.

"ஏனுங்ணா, உங்க பட்டியில ஊரு ஆடெல்லாம் நிக்குது. எனக்குத்தான் எடமில்லை" என்று சொல்லிவிட்டேன். அவர் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பூனைக்காரர் பெரிய சீரொன்று அனுப்பினார். மூடும்போது ஜன்னல் புகை மாதிரி சுருங்கி மறையும். மாதக்கணக்கில் உழைத்திருக்கிறார். அண்ணன் மறுப்பு எழுத உட்கார்ந்தார். எழுதியதை நான் படித்தேன். உழைப்புக்கு நன்றி, பூனைக்கு விசாரிப்பு, கோவையின் பருவநிலை, மறுபடி நன்றி.

"இதுல வேண்டாம்னு எங்கீங்ணா இருக்குது?"

"படிச்சா தெரியாதுங்களா?"

"எனக்கே தெரியலீங்க."

கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு அவரே சொந்த இங்கிலீஷில் எழுதினார். இங்கே ஒரு பெண் பழைய மிஷினில் வேலை செய்கிறாள், இதைச் சேர்த்தால் அந்த மிஷின் ஓடாது, அவள் வேலை போய்விடும், ஆகையால் வேண்டாம், முன்பு சேர்த்ததையும் எடுக்கப் போகிறேன், மன்னிக்கவும். எல்லோருக்கும் போகும் கடிதமாக அதை அனுப்பிவிட்டு, பரீட்சை எழுதிய பையன் மாதிரி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

சிலருக்குக் கோபம். நிரலை எடுத்துக்கொண்டு, வேறு பேர் வைத்து, தனிக்குடித்தனம் போனார்கள். "போகட்டுமுங்க, அவிய அடுப்பு அவியளுக்கு" என்றார் அண்ணன், முகம் தொங்க. பூனைக்காரரிடமிருந்து மட்டும் சத்தமில்லை. பிறகு ஒரு காலை அவர் கடிதம் இறங்கியது. ஒரே வரி. அந்தப் பெண்ணின் மிஷினில் நினைவகம் எவ்வளவு?

எழுதினோம். அடுத்து அவரிடமிருந்து வந்தது, இருந்ததைக் குறைக்கும் வேலை. முன்பைவிடப் பட்டி இளைத்தது. தை பிறந்தது, மிஷின் கடையிலேயே இருந்தது, நானும் இருந்தேன். அப்புறம் யார் எதை அனுப்பினாலும், அண்ணன் வாய் திறப்பதற்கு முன் கடிதம் எழுதுபவர்களில் யாராவது கேட்டுவிடுவார்கள், அந்தப் பெண்ணின் மிஷினில் ஓடுமா என்று. நான் யார், கறுப்பா சிவப்பா என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்கும்.

பின்னாளில் எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துப் போனேன். மிஷினை ஓனர் பொட்டோடு பழைய இரும்புக்குப் போட்டார். பட்டியும் அதோடு நின்றது. கடை இருந்த இடத்தில் இப்போது ஜூஸ் கடை.

நடராசு அண்ணன் பீளமேட்டிலேயே ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் பெரிய வேலையில் இருக்கிறார். இந்த மாதிரிக் கைபேசிகளுக்கு மென்பொருள் எழுதும் சமாசாரம்தான். காலையில் அவரைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்ணா, இதுல வேண்டாம்னு சொல்றதுக்கு எங்க அமுக்கோணும்?"

சிரித்தார். "அது வெக்கலீங்க அம்மணி."

"எம்பட போனு தாங்காதுங்களே."

"இதையெல்லாம் முடிவு பண்ற கூட்டத்துல நானும் உக்காந்துதான் இருக்கறேன்" என்றார். "அந்தப் பொண்ணு மிஷின்ல ஓடுமான்னு இப்பக் கேக்கறதுக்கு ஆளே இல்லீங்க."

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் எல்லோரையும் விசாரித்துவிட்டுப் போனை வைத்தேன். கைபேசி மறுபடி கேட்டது. ராத்திரி என்பதை அமுக்கினேன்.